கை வழியே இதயம் கண்டவர்: வெர்னர் ஃபோர்ஸ்மன்

கைநாடி பார்த்து நோய் சொல்லும் வைத்தியர்கள் நம் காவிரிக் கரை ஊர்களில் வழிவழியாக இருந்து வந்திருக்கிறார்கள். பெண்ணுக்கு இடக்கை, ஆணுக்கு வலக்கை என்று பிடித்து, மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த மூன்று விரல்களின் கீழே துடிப்பது, இதயத்திலிருந்து வரும் இரத்தத்தை உள்ளங்கைக்குக் கொண்டு செல்லும் ஒரு சிறு தமனி. வைக்கோல் தாளின் பருமன்தான் இருக்கும். இன்று அதே இடத்தில் ஊசியால் ஒரு துளை செய்து, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள குழாயொன்றைச் செலுத்தி, முழங்கை, தோள், மார்பு ஆகியவற்றைக் கடந்து, இதயத்திற்கே இரத்தம் ஊட்டும் தமனிகளின் வாயிலுக்குப் போய்விடுகிறார்கள் மருத்துவர்கள். அங்கே சாயம் பாய்ச்சி எக்ஸ்ரேத் திரையில் அடைப்பைக் காண்கிறார்கள். நுண்ணிய பலூன் ஒன்றை ஊதி அடைப்பை விரிக்கிறார்கள். வழி மறுபடி மூடிக்கொள்ளாதிருக்க 'ஸ்டென்ட்' என்னும் வலைக்குழலைப் பொருத்துகிறார்கள். இத்தனையும் நடக்கும்போது நோயாளி பெரும்பாலும் விழித்தபடியே படுத்திருக்கிறார்!

நெஞ்சுவலி என்று தஞ்சாவூருக்குக் கொண்டு போகப்பட்ட தாத்தா, சில நாளில் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்திரியோடு வலங்கைமான் கடைத்தெருவில் வந்து இறங்கினால், இவருக்கா இதயத்தில் வைத்தியம் நடந்தது என்று நாம் வியக்கிறோம். வியப்பு நியாயமே. ஏனெனில் நூறு ஆண்டுகளுக்கு முன்னர், உயிரோடிருக்கும் மனிதனின் இதயத்தினுள் குழாயைச் செலுத்துவது உயிருக்கே ஆபத்து என்பது மருத்துவ உலகில் பரவலான எண்ணமாக இருந்தது. செலுத்தினால் அது நின்றுவிடும் என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் தம் சொந்தக் கையைக் கொண்டு பொய்யாக்கியவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மானிய இளைஞர்.

ஃபோர்ஸ்மன் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் பெர்லின் மாநகரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. தந்தையார் வழக்கறிஞர். முதல் உலகப் போரில் படைவீரராகச் சென்ற அவர் 1916இல் போர்க்களத்தில் மாண்டார். அப்போது சிறுவனுக்கு வயது பன்னிரண்டு நிரம்பியிருந்தாலே பெரிது. தாயார் அலுவலகமொன்றில் வேலைக்குப் போனார். பாட்டி வீட்டைப் பார்த்துக்கொண்டார். இவ்விரு பெண்களின் உழைப்பில்தான் ஃபோர்ஸ்மன் படித்தார். மருத்துவராக இருந்த மாமா ஒருவர் அவரை அத்துறைக்குத் தூண்டினார். 1922இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கி, 1929இல் தேர்ச்சி பெற்று, பெர்லினுக்கு அருகிலுள்ள எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் அறுவைப் பிரிவில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். ஊர் சிறியது, மருத்துவமனையும் சிறியது.

மாணவராக இருந்தபோது அவர் கண்ட ஒரு படம் அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை. ஷோவோ, மாரே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு குதிரையின் கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயை அதன் இதயம் வரை செலுத்தி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்திருந்தார்கள். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. குதிரைக்கு ஆகாதது மனிதனுக்கு மட்டும் ஏன் ஆக வேண்டும்? கழுத்தைத் தவிர்த்துக் கையின் சிரை வழியாகப் போனால் என்ன? இந்தக் கேள்விகளை அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதில் வெறும் ஆர்வம் மட்டும் இருந்ததாக எண்ணலாகாது. அக்காலத்தில் ஒருவருடைய இதயம் நின்றுபோகும் தறுவாயில், நீண்ட ஊசியை மார்பின் மேலிருந்தே நேராக இதயத்தில் குத்தி மருந்து ஏற்றுவார்கள். சில வேளை ஊசி நுரையீரலைக் கிழிக்கும். சில வேளை இதயத்தின் மேலுள்ள தமனியையே கிழித்துவிடும். காப்பாற்றப் போட்ட ஊசியே உயிரைக் கொண்டுபோன துயரங்கள் உண்டு. அதைவிடப் பத்திரமான பாதை ஒன்று வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

தலைமை மருத்துவர் ரிச்சர்ட் ஷ்னைடரிடம் சென்று அனுமதி கேட்டார். ஷ்னைடர் அவர்பால் அன்பு கொண்டவர். ஃபோர்ஸ்மனின் குடும்பத்துக்கும் பழக்கமானவர். ஆயினும் மறுத்துவிட்டார். நோயாளிமீது செய்யக் கூடாது என்றார். அப்படியானால் என்மீதே செய்துகொள்கிறேன் என்று இளைஞர் சொல்ல, அதையும் கண்டிப்பாகத் தடுத்தார். கணவனைப் போரில் இழந்த தாய்க்கு இருக்கும் ஒரே மகனை, தம் மருத்துவமனையில் சாகவிட அவருக்கு மனம் வருமா? அவருடைய மறுப்பை நாம் குறை சொல்ல முடியாது.

இனி நடந்ததை ஃபோர்ஸ்மனே 1972இல் வெளியான தம் சுயசரிதையில் விவரமாக எழுதியிருக்கிறார்.

கருவிகளெல்லாம் அறுவைக்கூடத்துச் செவிலியான கெர்டா டிட்சன் என்னும் பெண்மணியின் பொறுப்பில், பூட்டிய அலமாரியில் இருந்தன. சாவி அவரிடம். ஜெர்மன் நாட்டிலும் செவிலியரைச் 'சகோதரி' என்றே அழைப்பார்கள். நாம் சிஸ்டர் என்பதைப் போல. ஃபோர்ஸ்மன் சில நாள்கள் அவரோடு இதைப் பற்றியே பேசினார். மருத்துவ நூல்களைப் படிக்கக் கொடுத்தார். கெர்டாவும் ஆர்வத்தோடு படித்தார், புரிந்துகொண்டார், இது நடக்கக்கூடியதே என்று நம்பினார். பின்னர் அவர் செய்தது சாதாரணமானதன்று. சோதனையைத் தம் உடலின்மீதே செய்யும்படி முன்வந்தார்.

மருத்துவமனை உறங்கிக் கிடந்த ஒரு பிற்பகல். கெர்டா கருவிகளை எடுத்து வைத்தார். ஃபோர்ஸ்மன் அவரை அறுவை மேசையில் படுக்கச் சொல்லிக் கைகளையும் கால்களையும் வாரால் கட்டினார். நம் வலங்கைமானில் பங்குனியில் நடக்கும் பாடைக்காவடியில், கொடிய நோயிலிருந்து பிழைத்தவர்கள் வேண்டுதலுக்காகப் பாடையில் படுத்து வருவதை எல்லாச் சமயத்தாரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் பிழைத்த பின் படுக்கிறவர்கள். கெர்டாவோ நோயே இல்லாதவர். எழுந்திருப்போமா என்பது தெரியாமல் படுத்தவர். அவருடைய கையில் மருந்து தடவி ஆயத்தம் செய்வதுபோல் பாவனை செய்துவிட்டு, ஃபோர்ஸ்மன் அவர் பார்வை படாத பக்கம் திரும்பிக்கொண்டார். தம் இடது முழங்கை மடிப்பில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுக்கொண்டு, தோலைக் கீறிச் சிரையைத் திறந்து, சிறுநீர்ப் பாதைச் சிகிச்சைக்கு வைத்திருந்த மெல்லிய குழாயை மெதுவாக உள்ளே தள்ளினார். ஒரு சாண், இரு சாண் என்று அது நழுவிச் சென்றது. வலி இல்லை, உள்ளே இளஞ்சூடு மட்டும் தெரிந்தது.

பிறகுதான் கெர்டாவின் கட்டை அவிழ்த்தார். தாம் ஏமாற்றப்பட்டதை அறிந்த அப்பெண்மணிக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? அவருடைய தியாகத்தை ஏற்பதாகச் சொல்லி, அவரிடம் இருந்த சாவியை மட்டும் பயன்படுத்திக்கொண்டார் அந்த மருத்துவர். அவருடைய உயிரைப் பணயம் வைக்கவில்லை என்பது பெருந்தன்மைதான். ஆனாலும் வஞ்சனை வஞ்சனையே. இதைப் பெருமையாக மட்டும் சொல்லிச் செல்லும் வரலாற்று நூல்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

கோபத்தை அடக்கிக்கொண்டு கெர்டா உடன் நடந்தார். இருவரும் படிகளில் இறங்கி அடித்தளத்திலிருந்த எக்ஸ்ரே அறைக்குப் போனார்கள். குழாயின் ஒரு முனை ஃபோர்ஸ்மனின் கைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது! செய்தி அறிந்து தலை கலைய ஓடிவந்த நண்பர் டாக்டர் ரோமைஸ் அதைப் பிடுங்கி எறியப் பார்த்தார். அவரைக் காலால் உதைத்து விலக்க வேண்டியிருந்ததாம். திரையில் தெரிவதைத் தாமே காணும்படி எதிரே கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி, குழாயை மேலும் தள்ளினார். 65 சென்டிமீட்டர் வரை சென்றது. நுனி இதயத்தின் வலப்பக்க அறையில் நின்றது. அந்த நிலையிலேயே எக்ஸ்ரேப் படம் எடுக்கப்பட்டது. ஃபோர்ஸ்மனுக்கு அப்போது வயது இருபத்தைந்து சுமார்.

படம் எடுத்ததில்தான் அவருடைய நுண்ணறிவு இருக்கிறது. பிற்பாடு எர்ன்ஸ்ட் உங்கர் என்னும் பெர்லின் மருத்துவர், தாமும் தம் நண்பர்களும் 1912இலேயே இத்தகைய முயற்சி செய்ததாக உரிமை கோரினார். செய்திருக்கலாம். ஆனால் குழாய் இதயத்தைத் தொட்டது என்பதற்குக் காட்டுவதற்கு அவர்களிடம் எக்ஸ்ரே இல்லை.

ஷ்னைடர் கடுமையாகக் கோபித்துக்கொண்டார். படத்தைப் பார்த்ததும் கோபம் தணிந்து, அன்று மாலை அவரை உணவு விடுதிக்கு அழைத்துச் சென்று விருந்தளித்தார். பின்னர் மரணப் படுக்கையிலிருந்த ஒரு நோயாளிக்கு இம்முறையில் மருந்து செலுத்தவும் இசைந்தார். 1929 நவம்பரில் ஃபோர்ஸ்மனின் கட்டுரை ஜெர்மன் மருத்துவ வார இதழில் வெளிவந்தது.

புகழ் வந்திருக்க வேண்டும். வந்தது அவமானம். பெர்லினில் புகழ்பெற்ற சாரிட்டே மருத்துவமனையில் அவர் சேர்ந்திருந்தார். அங்கே அறுவைத் துறையின் பேரரசர் போல விளங்கியவர் ஃபெர்டினாண்ட் சௌவர்புருக். செய்தித்தாள்களில் பரபரப்பு எழுந்ததும், இது சர்க்கஸ் வித்தையேயன்றி மருத்துவம் அன்று என்ற எண்ணத்தில் அவரை வேலையினின்றும் நீக்கிவிட்டார். ஃபோர்ஸ்மன் எபர்ஸ்வால்டேக்குத் திரும்பினார். ஆராய்ச்சியை உடனே விட்டுவிடவில்லை. நாய்களைக் கொண்டு சோதனைகள் செய்தார். அந்நாய்களைத் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தவர் அவருடைய தாயார்தான். சாயத்தைத் தம் இதயத்திலேயே செலுத்திப் படமெடுக்கவும் முயன்றார். இடமும் பணமும் ஆதரவும் இன்றி எத்தனை நாள் போராடுவது? 1933இல் எல்ஸ்பெட் எங்கல் என்னும் பெண் மருத்துவரை மணந்தார். இதயத்தை விட்டுச் சிறுநீரக அறுவைத் துறைக்கு மாறினார். ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1932இல் ஃபோர்ஸ்மன் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றி, முடிவில் அமெரிக்கரிடம் கைதியானார். தம் இதயத்தில் குழாயைச் செலுத்த அஞ்சாத மனிதர், கோடிக்கணக்கானோரைக் கொன்ற ஒரு கட்சியில் உறுப்பினராயிருந்தார். உடம்பின் துணிவும் மனச்சான்றின் துணிவும் ஒன்றல்ல போலும். அறிவியலாளர்களின் வாழ்க்கையைப் புனிதர் வரலாறு போலப் படித்துப் பழகிவிட்ட நமக்கு இது கசப்பாக இருக்கலாம்.

விடுதலையானபின் அவருக்கு மருத்துவத் தொழில் செய்ய உரிமை இல்லை. கட்சி உறுப்பினராயிருந்ததற்கான தண்டனை அது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் அத்தடை நீடித்தது. கறுப்புக் காட்டுப் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில் மனைவி எல்ஸ்பெட் மருத்துவம் பார்த்துக் குடும்பத்தைக் காத்தார். கணவர் மரம் வெட்டினார். தடை நீங்கிய பின்பு சில காலம் கிராம வைத்தியராக இருந்துவிட்டு, 1950இல் பாட் க்ரோய்ஸ்னாக் என்னும் ஊரில் சிறுநீரக மருத்துவராக அமர்ந்தார்.

அந்த ஆண்டுகளில் கடலுக்கு அப்பால், நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில், அவர் எழுதி எல்லோரும் மறந்துவிட்ட கட்டுரையை இருவர் எடுத்து வளர்த்திருந்தார்கள். ஆந்த்ரே கூர்னாண்ட், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் என்பவர்கள் அவர்கள். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி, கைச்சிரை வழியாக இதயத்தினுள் குழாய் செலுத்தி, இரத்தத்தின் அழுத்தத்தையும் உயிர்க்காற்றின் அளவையும் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் அளந்தார்கள். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைகளின் குறையை அறுவைக்கு முன்பே அறியவும் இம்முறை வழி செய்தது.

1956ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அம்மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பாட் க்ரோய்ஸ்னாக் மருத்துவருக்குத் தம் செவிகளையே நம்ப முடியவில்லை. நாட்டுப்புறப் பங்கில் பூசை வைத்துக்கொண்டிருக்கும் குருவானவர் ஒருவர் திடீரென ஆயராக்கப்பட்ட நிலைக்குத் தம் நிலையை அவர் ஒப்பிட்டாராம். 1958இல் டூசல்டார்ஃப் நகரின் மருத்துவமனையொன்றில் அறுவைப் பிரிவுத் தலைவரானார். ஆனால் இதய ஆராய்ச்சியில் மீண்டும் முன்னணிக்கு வர முடியவில்லை. இருபத்தேழு ஆண்டு இடைவெளியில் அத்துறை அவரைக் கடந்து வெகுதூரம் போய்விட்டிருந்தது. 1979 ஜூன் முதல் நாள், ஷோப்ஃஹைம் என்ற ஊரில், எழுபத்து நான்காம் வயதில், மாரடைப்பு நோயால் காலமானார்.

கெர்டா டிட்சனுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஃபோர்ஸ்மன் போன பாதை சிரையின் பாதை. சிரை, உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தின் வழி. அது இதயத்தின் வலப்பக்கத்தில் கொண்டு சேர்க்கும். மாரடைப்பை உண்டாக்கும் அடைப்புகளோ இதயத்தின் தமனிகளில் இருக்கின்றன. அவற்றை அடையத் தமனி வழியாக, இரத்த ஓட்டத்தை எதிர்த்துப் போக வேண்டும். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்பவர் வேறொரு பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, குழாயின் நுனி தற்செயலாக இதயத் தமனிக்குள் நழுவி, சாயம் அதனுள் பாய்ந்துவிட்டது. நோயாளி பிழைத்தார், இதயத் தமனிகளைப் படமெடுக்கலாம் என்பதும் தெரிந்தது. சோன்ஸ் முழங்கைத் தமனி வழியாகவே சென்றவர். பின்னர் தொடை இடுக்கு வழியே போவது எளிது என்று மருத்துவர்கள் அதற்கு மாறினார்கள். 1977 செப்டம்பர் 16ஆம் நாள் சூரிக் நகரில் ஆந்திரேயாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதயத் தமனியில் பலூனை விரித்ததும் தொடை வழியேதான். அவரிடம் கற்றவர்களுள் கேரளத்தில் பிறந்து சென்னையில் பணியாற்றிய டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் ஒருவர். 1986இல் இந்தியாவில் இச்சிகிச்சையைத் தொடங்கி வைத்த அவர் 2025 ஏப்ரலில் காலமானார்.

தொடைவழியில் ஒரு தொல்லை உண்டு. அங்குள்ள தமனி பெரியது, ஆழமானது. குழாயை எடுத்தபின் இரத்தம் கசிந்தால் வெளியே தெரியாமலே உள்ளே தேங்கிவிடும். ஆகவே நோயாளி பல மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும். மணிக்கட்டில் அத்தொல்லை குறைவு. தமனி தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் இருக்கிறது; ஒரு பட்டையால் அழுத்தினால் இரத்தம் நின்றுவிடும். 1989இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் லூசியன் காம்போ நூறு நோயாளிகளுக்கு மணிக்கட்டு வழியே படமெடுத்ததை வெளியிட்டார். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமனை அவ்வழியே பலூன் சிகிச்சையும் செய்தார். அவர் பணியாற்றிய மருத்துவமனை நம் அன்னை மரியாளின் பெயரைத் தாங்கியது என்பதை இம்மலரின் வாசகர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். 2015இல் ஐரோப்பிய நாடுகள் நான்கில் 8,404 நோயாளிகளிடம் செய்த ஆய்வின் முடிவு வந்தது. தொடையைவிட மணிக்கட்டு வழியில் இரத்தப்போக்கு குறைவு என்று அது காட்டியது. பெண்களின் மணிக்கட்டுத் தமனி மெல்லியது. அதனால் குழாய் செல்வது சில வேளை சிரமம். ஆனால் தொடைவழியில் இரத்தப்போக்குக்கு ஆளாகிறவர்களும் பெண்களே அதிகம். எனவே அவர்களுக்கு இதனால் நன்மை மிகுதி. மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது வலது மணிக்கட்டை. நம் ஊர்ப் பெயரிலேயே வலங்கை இருக்கிறதல்லவா!

மணிக்கட்டுத் தமனி குழாயால் அடைபட்டுப் போனால் கை என்ன ஆகும் என்று கேட்பீர்கள். உள்ளங்கைக்கு இரு தமனிகள் வருகின்றன: கட்டைவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. இரண்டும் உள்ளங்கையில் வளைந்து ஒன்றோடொன்று கூடுகின்றன. இரு வாய்க்கால் பாயும் வயலைப் போல, ஒன்று நின்றாலும் மற்றொன்று காக்கும். இதைச் சோதிக்கும் முறையை எட்கர் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இல், ஃபோர்ஸ்மன் தம் கையைக் கீறிக்கொண்ட அதே ஆண்டில், வெளியிட்டார். அதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். கையை இறுக மூடிக்கொள்ளுங்கள். மணிக்கட்டின் இருபுறத் துடிப்புகளையும் தோழி தம் விரல்களால் அழுத்தட்டும். இப்போது கையை மெல்லத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்து விரலை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சில வினாடிகளில் உள்ளங்கை மீண்டும் சிவந்துவிடும்.